பேரம் முடியுமுன் போட்ட வெற்றிலை

புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. புரட்டாசி மாதம். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு கண்மாயின் கரையில் நடந்த சம்பவம் இது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அந்த இடம் வரும்போது எனக்கு வியர்க்கிறது.

சமஸ்தானத்தில் நான் செயின் இழுக்கும் ஆளாக இருந்தேன். கண்மாய் மராமத்தை அளக்க ஓவர்சியர் வருவார். நூறடிச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு நடக்க வேண்டும். அவர் கூவும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். எட்டாவது வரை படித்த எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. காரணம், யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த முனையில் அவர், இந்த முனையில் நான், நடுவில் நூறடி.

நான் பிறவியிலேயே கூச்சக்காரன். மூன்று பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு நானே ஒரு உபாயம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாராவது பேச்சுக்கு இழுப்பார்கள் என்று தெரிந்தால் வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொள்வேன். வெற்றிலை மெல்லுகிறவனிடம் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. தலையை ஆட்டினால் போதும்.

சமஸ்தானம் போனதும் என்னைப் போன்ற தற்காலிக ஆட்களை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதமாக வேலை இல்லை. வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மூன்று வருஷமாக மழை சரியில்லாததால் யார் வீட்டிலும் கடன் கேட்கவும் முடியவில்லை.

எனக்கு முன்பே பழக்கமான ஒரு மண்வெட்டுக் கூட்டம் அந்தக் கண்மாய்க்கரையில் குடிசை போட்டிருந்தது. மொத்தம் பதினைந்து ஜோடி. புருஷன் வெட்டுவான், பெண்சாதி சுமப்பாள். அதுதான் ஒரு ஜோடி. அவர்கள் வெட்டிய குழிகளை நான் அளந்திருக்கிறேன். சங்கிலியைத் தொய்ய விட்டுக் குறைத்துக் காட்டியதில்லை என்பதால் என்மேல் அவர்களுக்கு ஒரு மதிப்பு. ‘செயின்காரரு’ என்று கூப்பிடுவார்கள். அவர்களுக்கும் அந்த வருஷம் வேலை இல்லை. கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் கூட்டத்தின் மேஸ்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வடக்கே எங்கோ அணைக்கட்டு வேலைக்கு ஆள் சேர்க்க ஒரு ஏஜெண்டு திருச்சியிலிருந்து வருகிறாராம். ஆறு மாத வேலை. ஜோடிக்கு இருபது ரூபாய் முன்பணம்.

“மண்ணப் பத்தி நாங்க பேசிக்கிருவோம். தாளு கீளுன்னு எடுத்தா நீங்கதான் பாத்துச் சொல்லணும். நீங்களும் எங்களோடயே வந்துருங்க, அளக்குறதுக்கு ஒரு நம்பிக்கையான ஆளு வேணுமில்ல?” என்றார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் இப்படித்தான் ஒரு ஏஜெண்டை நம்பிப் போனது. கூலி நல்ல கூலி மாதிரித்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் வெட்டிய மண்ணை வெகுதூரம் சுமந்து கொட்ட வேண்டியிருந்தது. நாளெல்லாம் சுமந்தும் சாப்பாட்டுக்கே சரியாகப் போயிற்று, முன்பணம் கழியவில்லை. கழியாமல் ஊர் திரும்ப விடமாட்டார்கள். அவர்கள் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது. ஆகவே இந்தப் பேரத்தில் நான் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தூரம். நூறடிக்கு மேல் சுமந்தால் அதற்குத் தனிக் கூலி உண்டா, இல்லையா? இதை மேஸ்திரியிடம் நானே சொல்லியிருந்தேன். ஏஜெண்டிடம் நானே கேட்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

பேச்சு நடந்த அன்று காலை ஏஜெண்டு பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் என்னைத்தான் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். கையில் பித்தளை வெற்றிலைப் பெட்டி. நடந்துகொண்டே, “நீங்கதான் கணக்குப்புள்ளையா வாரீங்களாமே? மாசம் நாப்பது ரூபா தாரேன், கூட்டத்தை நல்லபடியா முடிச்சுக் குடுங்க” என்றார். அறுபது கேட்பதாக நான் வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் முடிக்கும் முன்பே “சரிங்க” என்று சொல்லிவிட்டேன். என் பேரம் அவ்வளவுதான்.

இந்த நாற்பது ரூபாய் விஷயத்தைக் கூட்டத்தாரிடம் நான் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததாகவும் ஞாபகம் இல்லை. சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

கரைமேல் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். டீக்கடையிலிருந்து கொண்டுவந்த பெஞ்சில் ஏஜெண்டு. எதிரே தரையில் மேஸ்திரியும் ஆண்களும். மேஸ்திரிக்குப் பக்கத்தில் நான். பெண்கள் கொஞ்சம் தள்ளி. நடுவில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் முன்பணம்.

“மண்ணு எப்படிங்க?” என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

“வெண்ணெ மாதிரி மண்ணுய்யா. மம்பட்டிய வச்சா தானா வழுக்கிக்கிட்டு வரும்.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “அம்புட்டு வெண்ணெயா இருந்தா நீங்களே வழிச்சு எடுத்துக்கலாமே, எங்களை எதுக்குத் தேடி வந்தீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னது மேஸ்திரியின் மனைவி. கூட்டத்தில் எல்லோருக்கும் அவள் அத்தாச்சி. ஏஜெண்டும் சிரித்தார்; ஆனால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆயிரம் கன அடிக்குப் பதினான்கு ரூபாய் என்றார் அவர். மேஸ்திரி இருபத்திரண்டில் நின்றார். ஒரு மணி நேரம் இழுபறி. மேஸ்திரி இருபதுக்கு இறங்கினார். ஏஜெண்டு பதினாறுக்கு வந்து, அதற்குமேல் அரையணா கூட ஏறமாட்டேன் என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேஸ்திரி அதை என்னிடம் கொடுத்தார்.

நான் படித்தேன். கூலி பதினாறு என்று எழுதியே கொண்டுவந்திருந்தார். அதன் கீழ் ஒரு வரி: ‘சுமைதூரம் எவ்வளவாயினும் மேற்படி கூலியில் அடக்கம்.’

எதற்காக என்னை உட்கார்த்தி வைத்தார்களோ அந்த வரி. கேட்க வேண்டிய கேள்வி தொண்டை வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முப்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஏஜெண்டு என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் துளி புகையிலையும் வைத்து மடித்து, “போட்டுக்கிட்டு நிதானமாச் சொல்லுங்க, கணக்குப்புள்ளை” என்று என் கையில் வைத்தார். பழக்க தோஷம். யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்குமே என்று அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன்.

பெஞ்சிலிருந்து ஏஜெண்டு எழுந்துவிட்டார். “அப்புறமென்ன, பேச்சு முடிஞ்சிச்சு! பதினாறு. தாம்பூலம் எடுத்தாச்சு” என்று தட்டைத் தூக்கி மேஸ்திரியிடம் நீட்டினார்.

எனக்குப் புரியவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர், “என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?” என்று காதருகே சொன்ன பிறகுதான் விளங்கியது. கல்யாண நிச்சயத்துக்குத் தாம்பூலம் மாற்றுவது எனக்கும் தெரியும். மண்வேலைக்கும் அவர்களிடம் அதே முறை என்பது தெரியாது. கூலி முடியும்வரை தட்டை யாரும் தொடமாட்டார்கள். கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் வெற்றிலையை வாயில் போட்டால், கடைசியாகச் சொன்ன கூலிக்குக் கூட்டம் முழுவதும் சம்மதித்ததாக அர்த்தம். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏஜெண்டுக்கும் தெரியும். தெரிந்துதான் மடித்துக் கொடுத்தார்.

“முன்னாடியே பேசி வச்சுட்டாங்கபோல” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “பஸ்ஸுலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்து வந்தாக.”

காலையில் பேசிய நாற்பது ரூபாய் அப்போதுதான் நெஞ்சில் இடித்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. வாய்க்குள் வெற்றிலை அப்படியே நின்றது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் பயம்.

மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘இவர் எங்க ஆள் இல்லை, தாள் படிக்கக் கூட்டிவந்தோம்’ என்று சொல்லியிருந்தால் ஏஜெண்டின் தந்திரம் அங்கேயே தீர்ந்திருக்கும். நான் அவர்கள் ஜாதியும் இல்லை, மண்வெட்டி பிடித்தவனும் இல்லை. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. முணுமுணுத்தவன் பக்கம் திரும்பி, “சும்மா இருடா. அவரு நம்ம ஆளு” என்றார். பிறகு ஏஜெண்டிடம், “எங்க ஆளு வெத்தலை போட்டுட்டாரு. இனிப் பேச என்ன இருக்கு?” என்று தட்டை வாங்கக் கையை நீட்டினார்.

“நில்லுங்க.”

அத்தாச்சி எழுந்து வந்தாள். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே ஏஜெண்டுக்கு எதிரே நின்றாள்.

“வெட்டுற ஆளுகளுக்கு வெத்தலை குடுத்துட்டீங்க, சரி. சுமக்குற ஆளுகளுக்கு எந்தத் தட்டு?”

“இது என்னம்மா புது வழக்கமா இருக்கு?”

“பேச்சு நடுவுல வெத்தலைய மடிச்சுத் திணிக்கிறதும் புது வழக்கந்தான். ஜோடின்னா ரெண்டு ஆளு. ஒரு ஆளுதான சம்மதிச்சிருக்கு?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “செயின்காரரே, அந்தத் தாளுல தூரம் எம்புட்டுன்னு எழுதியிருக்கு?”

துப்ப வழியில்லை. அத்தனையையும் விழுங்கினேன். புகையிலையும் உள்ளே போனது. காது அடைத்தது, மரம் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்தக் கிறுகிறுப்பில்தான் எனக்குப் பேச்சு வந்ததோ என்னவோ.

“தூரம் எழுதலை. எம்புட்டுத் தூரமானாலும் இதே பதினாறுதான்னு எழுதியிருக்கு” என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. நிறுத்த முடியவில்லை. “எனக்கு மாசம் நாப்பது ரூபா பேசியிருக்காரு. காலையில உங்ககிட்டச் சொல்லலை. தப்பு. வெத்தலை முறை எனக்குத் தெரியாது. தாளு முறை தெரியும். ஒரு ஜோடி நாளைக்கு நூறு கன அடி எடுத்தா இருநூத்தம்பது கூடை. நூறடி தூரத்துக்குச் சுமந்தா, போக வர ஒம்பது மைலு நடக்கணும். நானூறடின்னா முப்பத்தெட்டு மைலு.”

“முப்பத்தெட்டு மைலா? தலையில மண்ணோட நாலு தடவை புதுக்கோட்டைக்குப் போய்ட்டுப் போய்ட்டு வாரதா?” என்றாள் அத்தாச்சி.

“பாதி நடை வெறுங்கூடையோட” என்று நான் திருத்தினேன். யாரோ சிரித்துவிட்டார்கள்.

ஏஜெண்டு சிரிக்கவில்லை. தட்டிலிருந்த பணத்தை எடுத்துப் பெட்டியில் போட்டார். “பொம்பளை பேச்சுக்கும் பைத்தியக்காரன் கணக்குக்கும் நான் ஆள் எடுக்க முடியாது. தாம்பூலம் எடுத்துட்டு வார்த்தை மாறுன கூட்டம்னு எல்லா ஏஜெண்டுகிட்டயும் சொல்லிருவேன். ஒரு பய உங்களைக் கூப்புட மாட்டான்” என்று சொல்லிவிட்டுக் கரையிலிருந்து இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்தார்.

யாரும் தடுக்கவில்லை. கரைமேல் இருந்து பார்த்தால் ரோடும் பஸ் நிற்கும் இடமும் நன்றாகத் தெரியும். அவர் அங்கே போய் நின்றார். இங்கே முப்பது பேரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழ, அதன் தாய் முதுகில் ஒரு அடி வைத்தாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஸ்திரி மண்ணில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அத்தாச்சி மட்டும் நின்றபடி ரோட்டையே பார்த்தாள்.

ஆலங்குடிப் பக்கமிருந்து பஸ் வரும் புழுதி தெரிந்தது. பஸ் வந்து நின்றது. ஏஜெண்டு ஒரு காலைப் படியில் வைத்தார். அவ்வளவுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். கண்ணைத் திறந்தால், புழுதிக்கு நடுவில் அவர் பெட்டியோடு ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

இத்தனை ஜோடியை இத்தனாம் தேதிக்குள் கொண்டுவருகிறேன் என்று அவரும் ஒருவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார். முதல் நூறடிக்குப் பதினாறு ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு நூறடிக்கும் மூன்று ரூபாய் கூட. அந்த வரியை அடித்துவிட்டு நானே என் கையெழுத்தில் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல், “ஒரு நிபந்தனை. இந்தக் கணக்குப்புள்ளை வரக்கூடாது. இவரைக் கூட்டிக்கிட்டுப் போனா அணைக்கட்டு முழுசுக்கும் கணக்குக் கேப்பாரு” என்றார்.

“அவரு இல்லாம நாங்க வரலை” என்று மேஸ்திரி தட்டைத் தள்ளி வைத்தார்.

இன்னொரு பஸ் வரும்வரை அந்தப் பேரத்தை இழுக்க என் நெஞ்சு தாங்காது. “எனக்குப் புதுக்கோட்டையில வேலை சொல்லியிருக்காங்க. நாளைக்கே வரச் சொன்னாங்க. இவரு கூப்பிட்டாலும் நான் வாரதா இல்லை” என்றேன்.

மேஸ்திரி நம்பினாரோ என்னவோ, தள்ளி வைத்த தட்டைத் திரும்ப நடுவில் இழுத்தார். அத்தாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “செயின்காரருக்குப் பொய் சொல்லவும் வரமாட்டேங்குது” என்று மெதுவாகச் சொன்னாள். ஆனால் தட்டிலிருந்த வெற்றிலையை அவள்தான் முதலில் எடுத்தாள்.

இரண்டு நாளில் கிளம்பினார்கள். கூட்டத்தோடு நான் போக முடியாதே தவிர, அளவு போகலாம் அல்லவா? கயிறு வாங்கி, சமஸ்தானத்தில் அளந்த பழக்கத்தில் சரியாக நூறடிக்கு வெட்டி, இருபத்தைந்து அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். அத்தாச்சிக்கு அளக்கும் விதத்தைப் பிளாட்பாரத்திலேயே காட்டிக் கொடுத்தேன். ரயில் போன பிறகு கையில் நாலணா இருந்தது. பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அறுபதும் இல்லை, நாற்பதும் இல்லை என்று மனைவியிடம் சொல்ல அந்த வாரத்தில் இரண்டாவது தடவையாகத் தைரியம் தேவைப்பட்டது.

சித்திரை கழிந்து அவர்கள் திரும்பி வந்தார்கள். பதினைந்து ஜோடியும் வந்தார்கள், முன்பணம் கழிந்து கையில் மிச்சத்தோடு. அத்தாச்சி கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அது நான் கொடுத்ததைவிடப் பெரிய சுருளாக இருந்தது. வேறு வேறு கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து நீட்டியிருந்தார்கள்.

“நானூறு இல்லீங்க செயின்காரரே, நானூத்தி இருபது. தினம் காலையில அங்க கணக்கு எழுதுறவுக முன்னாடி போட்டுக் காட்டுவேன். முதல்ல சண்டைக்கு வந்தாக. அப்புறம் நான் கயித்த எடுத்தாலே தாளை எடுத்துருவாக” என்றாள்.

அதற்குச் சில மாதம் கழித்துப் புதுக்கோட்டையில் ஒரு கடலை மண்டியில் எடை பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அங்கேயும் அதிகம் பேச வேண்டியதில்லை. கூச்சம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் சிலர் என் தைரியத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அது இல்லை. ‘அவரு நம்ம ஆளு’ என்று மேஸ்திரி சொன்ன அந்த ஒரு நொடி. என்னைக் கைவிட்டிருந்தால் அவர்களுக்குத்தான் லாபம். என் தப்புக்காக ஆறு மாதம் மண் சுமக்கத் தயாராகக் கையை நீட்டினார் அந்த மனிதர். நாலு பேருக்காக ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், நான் பேசாமல் இருப்பதும் அவர்கள் சொன்ன பதிலாகிவிடும் என்ற பயம் அன்று என்னைப் பிடித்தது. அது இன்னும் விடவில்லை, விட வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.